சிலுவைக் காசு உட்கார்ந்த இடம்

என்றைக்காவது ஒருநாள் உங்களுக்கும் இது நடக்கும். உள்ளங்கையில் நகத்தளவு காசு ஒன்று, பச்சை பிடித்துக் கிடக்கும். சுற்றி நாலு பேர் நிற்பார்கள். அவர்கள் உங்கள் கையைப் பார்க்கமாட்டார்கள், வாயைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் என்ன பேசுவது, எதைப் பேசாமல் விடுவது என்று காசுப் புத்தகம் எதிலும் எழுதியிருக்காது. தாம்பரம் மேற்கில் ஒரு மாடிப்படிக்குக் கீழே பழங்காசுக் கடை வைத்திருந்தவள் என்கிற முறையில், கடையை மூடி வீட்டில் உட்கார்ந்த பிறகு, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற உங்களுக்கு, எனக்குத் தெரிந்த அளவு எழுதி வைக்கிறேன்.

நான் காலேஜ் பக்கம் போனவள் இல்லை. ரோமாபுரியைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாராதான் படித்தேன். மற்றதெல்லாம் பூதக்கண்ணாடியும் கடைக்கு வந்த ஜனங்களின் வாயும் கற்றுக்கொடுத்தது. ஒரு காசை முதல்முறை பார்க்கும்போது மனிதர்கள் சொல்கிற வார்த்தை இருக்கிறதே, அதைக் கேட்பதற்காகவே நான் அத்தனை வருஷம் அந்தப் படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

கடைசிக் கால ரோமானியர்களின் வெண்கலக் காசுகள் உங்களில் பலருக்குத் தெரியும். ஆயிரத்து ஐந்நூறு முதல் ஆயிரத்து எழுநூறு வருஷப் பழசு. ஒரு பக்கம் மணி கோத்த பட்டி கட்டிய ராஜாவின் தலை. மறு பக்கம்தான் வேடிக்கை. ஒரு சிப்பாய், குதிரையிலிருந்து விழுகிறவனை ஈட்டியால் குத்துவான். இன்னொன்றில் இறக்கை வைத்த பெண் ஒருத்தி நடந்து போவாள். இன்னொன்றில் கல் அடுக்கிய கோட்டை வாசல், அதன் மேல் ஒரு நட்சத்திரம். பிந்தி வந்தவற்றில் இலை வளையத்துக்கு நடுவே ஒரு சிலுவை. நம் கடற்கரை ஊர்களிலும் ஆற்று மணலிலும் இவை கிடைக்கின்றன. கப்பலில் வந்து இங்கே சில்லறையாகப் புழங்கியிருக்கும் என்கிறார்கள்.

வண்டலூரிலிருந்து வந்த ஒருவர் ஈட்டிச் சிப்பாயைப் பார்த்ததும் "சூரசம்ஹாரம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதே காசைப் பார்த்த ஒரு சர்ச் பாட்டுக்காரர், "நம்ம புனித சந்தியாகப்பர்" என்றார். "ஐயா, சந்தியாகப்பர் குதிரை மேல இல்ல இருப்பாரு? இதுல குதிரைக்காரன்தானே குத்து வாங்குறான்?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அச்சு போட்டவன் மாத்திப் போட்டிருப்பான்" என்றார். இரண்டு பேரையும் நான் திருத்தவில்லை. அவர்கள் கண்டதால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் ஒருவர் காசில் கண்டது இன்னொருவர் பிழைப்பைக் கெடுக்கும் என்றால் அப்போது சும்மா இருக்க முடியாது. அப்படி ஒன்று படப்பையில் நடந்தது.

ஏகாம்பரம் என்று ஒருவர் போன் செய்தார். படப்பையில் பரம்பரையாக நெல் வயல் வைத்திருந்த குடும்பம். ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு வயலெல்லாம் பிளாட்டாகி, மிச்சம் வைத்திருந்த ஒரு துண்டில் மகனுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். "மேடம், அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு பானை கிடைச்சிருக்கு. நீங்க வந்து பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லணும்."

"என்ன வார்த்தை சார்?"

"நேர்ல வாங்களேன்."

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'ஒரு வார்த்தை சொல்லணும்' என்று யாராவது கூப்பிட்டால், அந்த வார்த்தை ஏற்கனவே அவர்கள் மடியில் இருக்கிறது. உங்கள் குரல் மட்டும்தான் தேவைப்படுகிறது.

பஸ்ஸை விட்டு இறங்கினதும் எதிரே டீக்கடை. அதற்கு எதிர்த்தாற்போல் கட்டுகிற வீடு. அங்கே சத்தமே இல்லை. கலவை போடவில்லை, கம்பி வெட்டவில்லை. டீக்கடைக்காரர் என் பையையும் கண்ணாடியையும் பார்த்துவிட்டு அவராகவே ஆரம்பித்தார்.

"பானை பாக்க வந்தீங்களா? அதுல தங்கம் இருந்திச்சாம். மேஸ்திரி தங்கத்த எடுத்துகினு செம்பப் போட்டுட்டாராம். ஏகாம்பரம் அண்ணன் இங்க நின்னுதான் சொன்னாரு. நேத்து காலைல, நல்ல கூட்டத்துல. போலீசுக்கும் போறேன்னாரு."

"மேஸ்திரி எடுத்தத நீங்க பாத்தீங்களா?"

"நான் டீ ஆத்திகினு இருந்தேன்" என்றார்.

மேஸ்திரி சூசை எதிரே செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். உள்ளூர்க்காரர், அந்தப் பகுதியில் பாதி வீடுகளில் அவர் கை பட்டிருக்கிறது. நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றார்.

"அக்கா, நீங்க இன்னா வேணா சொல்லுங்க. ஆனா பாத்துட்டு சொல்லுங்க. கடப்பாரை பட்டுது, பானை உடைஞ்சிது. உடனே வேலைய நிறுத்திட்டு அவரக் கூப்புட்டேன். நான் கூப்புடாம இருந்திருந்தா இந்தப் பேஜாரே இல்ல."

"போலீசுக்குப் போறேன்னாராமே?"

"சாயங்காலம் போறாராம். போவட்டும், அவுங்க நாலு கேள்வி கேப்பாங்க, வுட்டுடுவாங்க. எனக்கு அது இல்லக்கா." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். காலியாக இருந்தது. "வெளியூர் போறவங்க வூட்டு சாவிய என்னாண்ட குடுத்துட்டுப் போவாங்க. பூச்சு வேலை, ஒழுகல் வேலை எல்லாம் ஆள் இல்லாத வூட்டுலதான். சேலையூர்ல கீற ஒரு டீச்சரம்மாவுக்கு இங்க ஒரு வூடு கீது. சாவிய டீக்கடைல வெச்சிருக்கேன், வாங்கிக்கோன்னாங்க. நேத்து சாயங்காலம் கேட்டா, சாவியா, எந்த சாவின்றாரு. எனக்கு எதுர்லியே ஆணியில மாட்டியிருக்கு."

காசு எந்த நாட்டுக் காசு என்பது அங்கே இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி ஒரு சாவி யார் கையில் இருக்கப்போகிறது என்பது. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் பக்கத்திலிருந்த ஏகாம்பரம் வீட்டுக்குள் போனேன்.

ஹாலில் உட்காரவைத்தார். கைக்குட்டையைப் பிரித்தார். பானை உடைந்தபோது தனியாக உதிர்ந்த காசுகள், ஏழெட்டு இருக்கும். அதில் ஒன்றை மட்டும் எடுத்து என் முன்னால் டீப்பாயில் வைத்தார், கோர்ட்டில் வைப்பது போல.

"இதப் பாருங்க மேடம். சிலுவை. எங்க நிலத்துல, எங்க முப்பாட்டன் காலத்துல, யாரு சிலுவை போட்ட காசைப் புதைச்சாங்க? இது சர்ச்சுல குடுக்கற மெடல். மேஸ்திரி அவங்க சர்ச்சு மெடலை உள்ள போட்டுட்டு தங்கத்த எடுத்துட்டான். இத நீங்க உங்க வாயால சொன்னா போதும்."

பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. இலை வளையம், நடுவே சிலுவை, பின்னால் தேய்ந்த ராஜா தலை, ஓரத்தில் அச்சு விலகிப்போய் ஒரு சின்ன வெட்டு. சொன்னேன். "சார், இது ரோமாபுரிக் காசு. அவங்க ராஜாக்கள் கிறிஸ்தவங்களா ஆன பிறகு போட்டது. ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேலே இருக்கும்."

"ரோமாபுரியா? படப்பைக்கா?" சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. என் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். "நீங்க எந்தப் பக்கம் மேடம்?"

"என் சாமிய விடுங்க சார். காசைப் பாருங்க."

ஆனால் அவர் காசைப் பார்க்கிற நிலையில் இல்லை. அங்கேதான் எனக்கு உறைத்தது. நான் சொன்னது உண்மை, ஆனால் அது வெறும் என் பேச்சு. முப்பது வருஷம் கண்ணாடி வைத்துப் பார்த்த அறிவு என் தலைக்குள் இருக்கிறது, டீப்பாய் மேல் இல்லை. எதிரே இருக்கிறவர் தன் கண்ணால் காண ஏதாவது ஒன்று வேண்டும். அது இல்லாமல் நீங்கள் எத்தனை சத்தியம் செய்தாலும், உங்களையும் ஒரு பக்கத்தில் சேர்த்துவிட்டு அவர் போய்க்கொண்டே இருப்பார்.

"மத்த காசெல்லாம் எங்க சார்?"

"அது கட்டியா இருக்கு. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு, தேங்கா மூடி மாதிரி. கோமளா! அதக் கொண்டா!"

சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "தேய்ச்சிட்டு எடுத்தாறேங்க! புளி இப்பதான் ஊறியிருக்கு!"

நான் எழுந்துவிட்டேன். சொல்லிக்கொள்ளாமல், கேட்டுக்கொள்ளாமல், யார் வீட்டிலும் செய்யக்கூடாத விதமாக நேராகச் சமையலறைக்குள் நுழைந்தேன். இந்தத் தொழிலில் பெண்ணாக இருந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை அதுதான்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கோமளாம்மா தலைக்குக் குளித்துவிட்டு, விளக்கு, செம்பு, தட்டு எல்லாவற்றையும் புளி போட்டுத் துலக்கி வரிசையாகக் கவிழ்த்திருந்தார். கடைசியாக ஒரு எவர்சில்வர் குண்டான். அதில் புளித்தண்ணீர், பச்சைப் பசேலென்று. நடுவே அந்தக் கட்டி. பானையின் அடி எப்படி வளைந்திருந்ததோ அப்படியே வளைந்து, வளைந்த பக்கம் தண்ணீருக்குள்ளும், கடப்பாரை பட்டுப் பெயர்ந்த மேல்பக்கம் தண்ணீருக்கு வெளியிலும் உட்கார்ந்திருந்தது. அவர் கை அதன் மேல் இருந்தது.

"திருப்பாதீங்கம்மா!"

அவர் பதறிக் கையை எடுத்தார். "ஏங்க? அடிப்பக்கம் நல்லா வெளுத்திடுச்சி, மேல்பக்கம் போட்டா எல்லாம் பளபளன்னு ஆயிடும். லட்சுமி தெரியறா பாருங்க, இறக்கையோட. சாமி ரூம்ல வைக்கலாம்னு..."

தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, அவர் காட்டிய ஓரத்தைப் பார்த்தேன். இறக்கை வைத்த பெண்தான். புளி அவள் முகத்தை எடுத்துவிட்டிருந்தது. கல்யாண வீட்டுப் பாத்திரம் போல் மின்னியது. தலைகள் போய்விட்டன, எழுத்துகள் போய்விட்டன.

நீங்கள் இளரத்தம், இந்த இடத்தில் கத்துவீர்கள். கத்தினால் அந்த அம்மா பதற்றத்தில் கட்டியைத் தட்டிவிடுவார், அல்லது அவசரமாகக் கழுவி உங்களிடம் கொடுப்பார். இரண்டில் எது நடந்தாலும் நஷ்டம். நான் அவர் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னேன். "அம்மா, அந்தப் பச்சைதான் எனக்கு வேணும். அதுலதான் விஷயம் இருக்கு. நல்ல தண்ணி கொஞ்சம் ஊத்துறீங்களா, நான் தூக்குறேன்."

இரண்டு பேருமாகத் தூக்கி, அடிப்பக்கத்தை மட்டும் நல்ல தண்ணீரில் அலசி, ஒரு பழைய வேட்டித் துண்டின் மேல் ஜன்னலோரம் வைத்தோம். மேல்பக்கத்தில் ஒரு ஓரத்தில் புளிக்கரைசல் தெறித்திருந்தது. மற்ற இடமெல்லாம் பிழைத்திருந்தது. பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், மொத்தக் கதையும் இதில்தான் இருக்கிறது. செம்புக் காசுகள் ஒரு பானைக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்தால் பச்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்துவிடும். அப்புறம் அடிபட்டு ஒரு காசு பெயர்ந்தால், அது இருந்த இடத்தில் அந்தப் பச்சை மேல் ஒரு பள்ளம் இருக்கும். ஈரச் சிமெண்டில் கை வைத்தால் பதிகிற மாதிரி காசின் உருவம் அதில் தலைகீழாகப் பதிந்திருக்கும். நேற்றோ முந்தாநாளோ உள்ளே போட்ட காசுக்கு அப்படி ஒரு இடம் இருக்க முடியாது.

அந்த மாதிரிப் பள்ளங்கள் மேல்பக்கத்தில் தெரிந்தன. சிலுவைக் காசின் அளவுக்கு ஒன்று இருந்தது. ஆனால் புளி தெறித்த ஓரத்துக்குப் பக்கத்திலேயே. அதற்குள் பதிவு இருக்கிறதா, கரைந்துபோனதா என்று கண்ணாடி வைத்தும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

சிலுவைக் காசு ஹாலில், டீப்பாய் மேல் இருந்தது. எடுத்துவந்து, கோமளாம்மா அந்தப் பக்கம் திரும்பும்போது, ஒரு நிமிஷம் வைத்துப் பார்த்துவிடலாம். உட்கார்ந்தால் எல்லாரையும் கூப்பிடலாம். உட்காராவிட்டால் வாயைத் திறக்காமல் வேறு வழி தேடலாம். மேஸ்திரிக்கும் அதுதான் பத்திரம். எல்லார் முன்னாலும் வைத்து அது உட்காரவில்லை என்றால் அவர் கதை அதோடு முடிந்தது. புளியில் கரைந்துவிட்டது என்று நான் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

ஆனால் நான் தனியாகத் தொட்டேன் என்றால், அதன் பிறகு அது சாட்சியே இல்லை. 'அந்தம்மா உள்ள போய் என்னமோ பண்ணிட்டு வந்துச்சி' என்று ஒரே வரியில் எல்லாம் போய்விடும். ஏகாம்பரம் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். அதனால் காசைத் தொடவில்லை. ஹாலுக்கு வந்து சொன்னேன்.

"சார், சூசையை உள்ள கூப்பிடுங்க."

"அவன் எதுக்கு உள்ள? அவன் இல்லாம பாக்க முடியாதா?"

"அவர் இல்லாம பார்த்தா, நாளைக்கு அவர் என்னைச் சொல்லுவாரு. நீங்க இல்லாம பார்த்தா நீங்க சொல்லுவீங்க. எனக்கு எதுக்கு சார் வம்பு?"

சூசை வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியோடு நின்றுகொண்டார். டீக்கடைக்காரர் எப்படியோ வாசனை பிடித்து அவர் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். கட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, இப்போது உங்களுக்குச் சொன்னதையே அவர்களுக்கும் சொன்னேன். ஒட்டினால் இடம் இருக்கும், நேற்றுப் போட்டிருந்தால் இடம் இருக்காது. புளி தெறித்த ஓரத்தையும் காட்டினேன். "இந்தப் பக்கம் கொஞ்சம் கரைஞ்சிருக்கலாம். முன்னாடியே சொல்லிடறேன்." கோமளாம்மாவின் முகம் சுண்டியது. பிறகு ஏகாம்பரத்திடம் சொன்னேன். "காசு உங்க கையில இருக்கட்டும். நீங்களே வெச்சுப் பாருங்க."

அவர் வைத்தார். உட்காரவில்லை. சாய்ந்துகொண்டு நின்றது.

சூசை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நீட்டியிருந்தால் கெட்டது.

"சுத்துங்க" என்றார் கோமளாம்மா. "சம்படத்து மூடிய எப்பிடி சுத்துவீங்க? அந்த மாதிரி மெதுவா சுத்துங்க. அழுத்தாதீங்க."

ஏகாம்பரம் ஒரு விரலால் சுற்றினார். காசின் ஓரத்தில் வெட்டு இருந்தது என்றேனே, அந்த வெட்டுக்கு நேராகப் பள்ளத்தில் ஒரு சின்ன மேடு இருந்திருக்கிறது. அது வந்த இடத்தில் காசு தானாக இறங்கியது. லேசாக ஒரு சத்தம், எவர்சில்வர் டப்பா மூடுகிற மாதிரி. அவர் விரலை எடுத்தார். காசு அசையவில்லை.

திரும்பவும் எடுத்தார். பள்ளத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். குழிவாக ஒரு சிலுவை, பாதி வளையம். மறு பாதியைப் புளி தின்றுவிட்டிருந்தது. மறுபடி வைத்தார். மறுபடி உட்கார்ந்தது. மூன்றாவது முறையும் எடுத்தபோது, "போதுங்க, தேஞ்சிடப் போவுது" என்றார் மனைவி.

"சரி, இது பழசுதான். ஒத்துக்கறேன்" என்றார் ஏகாம்பரம். ஆனால் மடியிலிருந்த வார்த்தையை இன்னும் விடவில்லை. "தங்கம் இருந்து, அத அவன் எடுத்திருந்தா?"

"எடுத்திருந்தா அதுக்கும் இடம் இருக்கும். தங்கம் பச்சை பிடிக்காது, ஆனா அதச் சுத்தி இருக்கற செம்பு பிடிக்கும். மத்த உதிரிக் காசையும் வெச்சுப் பாருங்க. காலி இடம் மிஞ்சுதான்னு பாக்கலாம்."

ஒவ்வொன்றாக வைத்தார். ஈட்டிச் சிப்பாய் உட்கார்ந்தான். ஒரு காசு உடைந்து போயிருந்தது, இரண்டு துண்டையும் சேர்த்து வைத்தோம். புருஷனும் மனைவியுமாக, ஏதோ பல்லாங்குழி ஆடுகிற மாதிரி குனிந்துகொண்டு வைத்தார்கள். கடைசியில் உதிரி எதுவும் மிஞ்சவில்லை. காலிப் பள்ளமும் மிஞ்சவில்லை.

"அப்ப தங்கம் இல்லவே இல்லன்னு சொல்றீங்களா?"

சூசை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்துவிடும். நம் தொழிலில் மிகக் கஷ்டமான இடம் இதுதான். பொய் சொல்ல வேண்டும் என்று தோன்றாது. நல்லவர் ஒருவருக்காக, தெரிந்ததற்கு மேல் ஒரு அங்குலம் சொல்லிவிடலாம் என்று தோன்றும். அந்த ஒரு அங்குலத்தை யாராவது பிடித்துவிட்டால் மற்ற அத்தனையும் பொய்யாகிவிடும்.

"இந்தக் கட்டியிலேர்ந்து எதுவும் போகல. அதுவரைக்கும் சொல்லுவேன். இதுக்கு மேல பானையில தனியா ஏதாவது கிடந்துச்சான்னு கேட்டா, எனக்குத் தெரியாது சார்."

சூசையின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வார்த்தை மாறியிருக்கும்.

கோமளாம்மா கட்டியின் மேல் குனிந்தார். கடப்பாரை படாத இடங்களில் பச்சையோடு பச்சையாக ஒரு வரிவரியான பின்னல் தெரிந்தது. "இது துணி இல்ல? நூல் தெரியுது பாருங்க. இங்க மடிப்பு, இங்க முடிச்சு. துணியில மூட்டை கட்டித்தானே உள்ள வெச்சிருக்காங்க?"

"ஆமாம்மா. துணி மக்கிப்போச்சு. அதோட பதிவு நின்னுடுச்சு."

அவர் புருஷன் பக்கம் திரும்பினார். "ஏங்க, செம்பை மூட்டை கட்டி முடிச்சுப் போட்டுட்டு, தங்கத்தத் தூவியா விடுவாங்க? உங்க வூட்டுல அப்பிடித்தான் வெப்பீங்களா?"

டீக்கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். ஏகாம்பரம் அவரை முறைத்தார். பிறகு சோபாவில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். கைக்குட்டையில் காசின் பச்சை ஒட்டியிருந்தது, கன்னத்தில் தீற்றிக்கொண்டது. யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நான் கண்ணாடியைச் சூசையிடம் கொடுத்தேன். அவர் படியைத் தாண்டி உள்ளே வந்து வெகு நேரம் பார்த்தார். கோட்டை வாசல் காசின் மேல் கண்ணாடி நின்றது.

"இன்னாக்கா இது, கல்லு அடுக்கியிருக்கறது? கல்லு சேர்ற மூட்டுக்கு நேர் மேலயே மூட்டு வெச்சிகினே போயிருக்கான். இது எப்பிடி நிக்கும்?"

"விழுந்துடுச்சு சூசை. அந்த ராஜ்ஜியமே விழுந்துடுச்சு."

"வுழாம?" என்றார்.

அதற்கு ஏகாம்பரமும் சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில், "சரி சரி, நாளைக்கு ஆளுங்களக் கூட்டிகினு வேலைக்கு வந்துடு" என்றார், நடுவில் எதுவும் நடக்காதது போல.

அப்போது குறுக்கிட்டது நான்தான். "சார், நாளைக்கு வேலைக்கு முன்னாடி இது வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போகணும். மண்ணுக்குள்ள கிடைச்சது சர்க்காருக்குத் தெரியணும். சாமி ரூம்லயும் வைக்கக்கூடாது, எனக்கும் தரக்கூடாது."

"வேலைய நிறுத்திடுவாங்களே மேடம்!"

"கொஞ்ச நாள் நிக்கலாம். நிக்காதுன்னு பொய் சொல்லமாட்டேன்."

கோமளாம்மா கவலையாக என்னைப் பார்த்தார். "நான் பாதிய அழிச்சிட்டேனேம்மா. ஆபீஸ்ல கேட்டா?"

"நடந்ததச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமைன்னு துலக்கினேன்னு சொல்லுங்க. மீதியப் பார்த்துச் சொன்னதும் நீங்கதானே?"

ஏகாம்பரம் பெருமூச்சு விட்டார். "சரி. குடுத்துடலாம். நீ வேலைக்கு வர்ற இல்ல?" என்று சூசையைக் கேட்டார்.

"வரேன் சார். ஆனா டீக்கடைல சொன்னத டீக்கடைலியே வந்து சொல்லிடுங்க."

"அதான் இவங்க எல்லாரும் பாத்தாங்களே!"

"இங்க நாலு பேரு பாத்தாங்க. அங்க ஊரே கேட்டிச்சி."

ஏகாம்பரம் மனைவியைப் பார்த்தார். அவர் குண்டானிலிருந்த புளித்தண்ணீரைக் கொட்டுவதற்காக உள்ளே போய்விட்டார். வேறு வழியில்லாமல் ஏகாம்பரம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். நம் அறிவு நம் வாயில் இருக்கும்வரை அதற்கு மதிப்பில்லை. சந்தேகப்படுகிறவர் கையிலேயே காசைக் கொடுங்கள், நீங்கள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். தெரியாத இடத்தில் தெரியாது என்று நில்லுங்கள், பக்கத்தில் நிற்கிற யாராவது ஒருவருக்கு அது தெரிந்திருக்கலாம். காசைப் பற்றிப் பேசி முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். பஸ் இன்னும் வரவில்லை என்பதால்தான் அன்றைக்கு நானும் டீக்கடைக்குப் போனேன். போகாமல் இருந்திருந்தால் பாதிதான் பார்த்திருப்பேன்.

சாயங்காலக் கூட்டம். பெஞ்சில் இடமில்லை. ஏகாம்பரம் எல்லாருக்கும் டீ சொன்னார். டீ வந்தது. கிளாசைப் பார்த்துக்கொண்டே, "மேஸ்திரி எதுவும் எடுக்கல" என்றார். அந்த நேரம் பார்த்து ஒரகடம் கம்பெனி பஸ் ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டு போனது.

"கேக்கல சார்" என்றார் சூசை. "பஸ் போச்சி."

ஏகாம்பரம் அவரைப் பார்த்தார். கன்னத்தில் பச்சைத் தீற்றல் அப்படியே இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த முறை பெஞ்சுக்காரர்களைப் பார்த்துச் சொன்னார். "மேஸ்திரி எதுவும் எடுக்கல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"அப்ப தங்கம்ண்ணா?" என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"தங்கமே இல்லடா! செம்புதான்! ரோமாபுரி செம்பு! போய் உங்க வூட்டுலயும் சொல்லு!"

டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. டீக்கடைக்காரர் பாத்திரத்தை வைத்துவிட்டு, பின்னால் திரும்பி, ஆணியிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். சூசையின் கிளாசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி ஆற்ற ஆரம்பித்தார்.

சூசை சாவியை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டீயை ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"ஆறிப்போச்சி. சூடா இன்னொண்ணு போடு" என்றார்.